நாயைத் துரத்தினால் சுவரில் இருக்கும் உண்ணி எங்கே போகும்?



கடந்த மாதம் எங்கள் தோட்டத்துப் பிரட்டுக் களத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். கீழே துரையின் கையெழுத்தும் சீலும். லயங்களில் வளர்க்கப்படும் நாய்களால் உண்ணி பெருகி, தொழிலாளர்களுக்குக் காய்ச்சல் பரவுகிறதாம். ஆகவே 14 நாட்களுக்குள் எல்லா நாய்களையும் லயங்களை விட்டு அகற்றிவிட வேண்டுமாம். தவறினால் நிர்வாகமே அகற்றும், அந்தச் செலவு சம்பந்தப்பட்டவரின் சம்பளத்தில் பிடிக்கப்படும்.

அன்று காலை பிரட்டில் நின்றவர்களில் பாதிப்பேர் சிரித்தார்கள். நாய்க்கு நோட்டீஸா என்று கேட்டார்கள். நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் அந்த நோட்டீஸில் பாதி உண்மை இருக்கிறது. பாதி உண்மையை வைத்துக்கொண்டு நம்மை ஏமாற்றுவதுதான் நிர்வாகத்துக்குக் கைவந்த கலை. முழுப் பொய்யென்றால் நாம் உடனே எழுந்து கேட்டுவிடுவோம்.

முதலில் அந்தப் பாதி உண்மையைப் பேசிவிடுவோம். எனக்கே அந்தக் காய்ச்சல் வந்தது.

சென்ற வருடம் சித்திரை கழிந்து இரண்டு வாரம் இருக்கும். கொழுந்து மலையிலிருந்து வந்து படங்கை அவிழ்க்கும்போது இடுப்பில் மிளகு மாதிரி ஒன்று ஒட்டியிருந்தது. மறு என்று நினைத்துப் பிய்த்தேன். உண்ணி. நம்மில் யாருக்கு உண்ணி கடிக்கவில்லை? நகத்தில் வைத்து நசுக்கிப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். ஒரு வாரம் கழித்துத் தலைவலி. கண்ணுக்குப் பின்னால் ஆணி அடித்தது மாதிரி. பிறகு காய்ச்சல், உடம்பு வலி. தோட்ட டிஸ்பென்சரிக்குப் போனேன், பெனடோல் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் மறுபடி போனேன். அமொக்சிலின் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் கையிலும் காலிலும் சிவப்புப் புள்ளிகள் வந்தன, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூட. டிஸ்பென்சரியில் அதைப் பார்த்துவிட்டு, மருந்து ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று ஒவ்வாமைக்கு மாத்திரை கொடுத்தார்கள். எட்டாம் நாள் என் மகன் ஓட்டோ பிடித்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அப்போது எனக்கு எழுந்து நிற்க முடியவில்லை, பேச்சும் குழறியது என்று சொல்கிறார்கள். எனக்கு ஞாபகம் இல்லை.

அங்கே வார்டில் இருந்த இளவயது டாக்டர் பிள்ளை என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டது: "அம்மா, உண்ணி கடிச்சதா?" எட்டு நாளில் யாரும் கேட்காத கேள்வி அது. டொக்ஸிசைக்கிளின் மாத்திரை தொடங்கினார்கள். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது. நம்பவே முடியவில்லை. வீட்டுக்கு வந்தபிறகு கணக்குப் பார்த்தேன். ஆஸ்பத்திரியும் ஓய்வும் சேர்த்து அந்த மாதம் 19 நாள் பேர் போடவில்லை. அந்த மாதச் சம்பளச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன், யாராவது கேட்டால் காட்டுவதற்கு.

இதைத் தமிழில் உண்ணிக் காய்ச்சல் என்கிறோம். டாக்டர்மார் ரிக்கெட்சியாக் காய்ச்சல் என்கிறார்கள், புள்ளிக் காய்ச்சல் என்றும் சொல்கிறார்கள். அதை உண்டாக்கும் கிருமி உண்ணியின் உடம்பில் வாழ்கிறது, உண்ணி இரத்தம் குடிக்கும்போது நமக்குள் வருகிறது. நமது மலைநாட்டுக்கு இது புதிதல்ல. கண்டி, பேராதனை வைத்தியசாலைகளின் வைத்திய நிபுணர்கள் பல வருடங்களாக மத்திய மலைநாட்டு நோயாளர்களிடம் இதைக் கண்டுபிடித்து எழுதி வருகிறார்கள். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் மலிவான மாத்திரையில் தீர்ந்துபோகும் நோய். பிந்தினால் மூளை, நுரையீரல், சிறுநீரகம் என்று எதையும் தாக்கும், உயிரும் போகும். இன்னொன்றும் கவனியுங்கள். அமொக்சிலின் இந்தக் கிருமிக்கு வேலை செய்யாது. அந்த வகை மருந்து எதுவுமே வேலை செய்யாது. எத்தனை அட்டை விழுங்கினாலும் காய்ச்சல் தன் பாட்டுக்கு ஏறிக்கொண்டேயிருக்கும்.

பெயர்க் குழப்பம் வேறு இருக்கிறது. இந்தக் காய்ச்சலை டைபஸ் என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதினால், பல பேர் அதை டைபாயிட், அதாவது நெருப்புக் காய்ச்சல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது தண்ணீராலும் சாப்பாட்டாலும் வருவது. இது உண்ணியால் வருவது. இரண்டும் வேறு வேறு. டெங்குவா, எலிக்காய்ச்சலா, உண்ணிக் காய்ச்சலா என்று முதல் மூன்று நாளில் டாக்டருக்கே பிரித்துச் சொல்வது கஷ்டம். புள்ளி வருவதற்கே சில நாள் எடுக்கும். ஆகவேதான் உண்ணி கடித்ததா, நாய் வளர்க்கிறீர்களா, எந்த மலையில் வேலை என்ற கேள்விகளுக்கு அவ்வளவு பெறுமதி. கேட்பதற்குச் செலவே இல்லை.

இப்போது நாய்க்கு வருவோம்.

நாயிடமிருந்து இந்தக் காய்ச்சல் நேராக நமக்குத் தொற்றுவதில்லை. நாய் நக்கினாலோ, நாயைத் தடவினாலோ வராது. நாய்க்கே தனியாக உண்ணிக் காய்ச்சல்கள் உண்டு. நாய் சோர்ந்து சுருண்டு கிடக்கும், ஈறு வெளிறிப்போகும், மூத்திரம் தேயிலைச் சாயம் மாதிரிப் போகும். அது பபீசியா என்ற கிருமியால் வருவது. மூக்கால் இரத்தம் வடிந்தால் எர்லிக்கியாவாக இருக்கலாம். நமது நாட்டு நாய்களிடம் இவை தாராளமாக இருக்கின்றன. இவற்றால் சாவது நாய்தான். நாய்களுக்கு வரும் இந்த வகைகள் நம்மைத் தொடுவது மிக அரிது. ஆனால் உங்கள் நாயின் ஈறு வெளிறிக் கிடக்கிறதென்றால், உங்கள் காம்பராவில் உண்ணி நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த நாய் உங்களுக்கு முன்னால் நோய்ப்பட்டு உங்களுக்குச் சேதி சொல்கிறது.

நோட்டீஸ் எழுதியவருக்குத் தெரியாத, அல்லது தெரிந்தும் எழுதாத சங்கதி இனித்தான் வருகிறது. நாயில் காணும் மண்ணிற உண்ணி நாயிலேயே வாழ்வதில்லை. வயிறு நிறைய இரத்தம் குடித்து, ஈயத்தின் நிறத்தில் உருண்டு திரண்டதும், பெட்டை உண்ணி நாயை விட்டுக் கீழே விழுந்துவிடும். பிறகு ஊர்ந்து ஊர்ந்து சுவரில் ஏறும். சுவர் வெடிப்பிலோ, கதவு நிலையின் சந்திலோ, பெயர்ந்த சாந்துக்குப் பின்னாலோ நுழைந்து அங்கே முட்டையிடும். ஒரு பெட்டை 4000 முட்டை வரை இடும். முட்டை பொரித்தால் குரக்கன் மணி அளவுகூட இல்லாத ஆறு கால் குஞ்சுகள். அவை நாயில் ஏறி இரத்தம் குடித்துவிட்டு மறுபடி சுவருக்கு வரும். தோலுரித்து எட்டுக் காலோடு மறுபடி நாய்க்குப் போகும். மறுபடி சுவர். முழு உண்ணியாகி மீண்டும் நாய். இப்படி மூன்று தடவை நாய்க்கும் சுவருக்குமாக நடக்கிறது. தன் ஆயுளில் நாயில் இருப்பது சில நாட்கள், சுவரில் இருப்பது வாரக்கணக்கு, மாதக்கணக்கு. இரத்தம் கிடைக்காவிட்டால் மாதக்கணக்கில் பட்டினி கிடந்து காத்திருக்கவும் அதற்குத் தெரியும்.

அப்படியானால் நாளைக்கே 14 நாள் முடிந்து, லயத்தில் ஒரு நாய்கூட இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவருக்குள் இருக்கும் உண்ணி என்ன செய்யும்? நோட்டீஸை வாசித்துவிட்டுப் போய்விடுமா? பசித்த உண்ணி, நாய் இல்லாத காம்பராவில் பாயில் படுத்திருக்கும் பிள்ளையைத் தேடி வரும். பிள்ளையின் காதுக்குப் பின்னால், தலைமயிருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இப்போது நாய்தான் அந்த உண்ணிகளைத் தன் உடம்பில் தாங்கிக்கொண்டிருக்கிறது. நாயை எடுத்துவிட்டுச் சுவரை அப்படியே விட்டுவைப்பது நோயைக் குறைக்கும் வேலையே அல்ல.

அந்தச் சுவர் யாருடையது என்று இப்போது கேட்கிறேன்.

எங்கள் லயம் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. பத்துக்குப் பன்னிரண்டு காம்பரா. சாந்து பெயர்ந்து, உள்ளே கல்லும் மண்ணும் தெரிகிறது. என் கட்டிலுக்கு மேல் இருக்கும் வெடிப்பில் கை விரல் மூன்றை நுழைக்கலாம். இரண்டு வருடத்துக்கு முன் என் வீட்டுக்காரர் அரை மூட்டை சீமெந்து வாங்கி வந்து அந்த வெடிப்பைப் பூசப் பார்த்தார். யாரிடம் கேட்டுக்கொண்டு கை வைக்கிறாய் என்று கண்டக்டர் ஐயா வந்து நின்றார். லயம் தோட்டத்துச் சொத்து, அனுமதி இல்லாமல் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது என்றார். சரி, அனுமதி கேட்டுக் கடிதம் கொடுத்தோம். பதில் இன்னும் வரவில்லை. சீமெந்து மூட்டை கல்லாகிப் போனது. இப்போது அது எங்கள் இஸ்தோப்பில் நாய் படுக்கும் இடம்.

சுவரைப் பூசப் போனால் லயம் தோட்டத்துச் சொத்து. சுவரில் உண்ணி வந்தால் மட்டும் அது தொழிலாளியின் குற்றம். இது எந்த ஊர் நியாயம்?

சட்டம் இப்படிச் சொல்லவில்லை. 1912 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டத்தை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். வெள்ளைக்காரத் துரைமார் காலத்துச் சட்டம். நம்மேல் இரக்கப்பட்டு அதைக் கொண்டுவந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை, செத்த கூலி கொழுந்து பறிக்க மாட்டான் என்று தெரிந்து கொண்டுவந்தார்கள். ஆனாலும் அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. லயங்களையும் அவற்றின் சுற்றாடலையும் சுகாதாரமாக வைத்திருப்பது தோட்டத்துத் துரையின் கடமை. தோட்டத்தில் யாருக்கு நோய் என்று அறிந்துகொள்வதும், அதற்கு வேண்டியதைச் செய்வதும் அவருடைய கடமை. 1992 இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போனபோது நிலமும் தேயிலையும் பங்களாவும் மட்டும் போகவில்லை. லயமும் அதன் வெடிப்பும் சேர்ந்தேதான் போனது.

சம்பளத்தில் பிடிப்போம் என்ற மிரட்டலுக்கும் ஒரு வார்த்தை. சம்பளச் சபைச் சட்டத்தின் கீழ் நிர்வாகம் நினைத்ததையெல்லாம் சம்பளத்தில் பிடிக்க முடியாது. எதைப் பிடிக்கலாம் என்பதற்கு வரையறை இருக்கிறது. நாய் பிடித்த கூலி அதில் இல்லை. 2024 இல் வர்த்தமானியில் போட்ட 1350 ரூபாவுக்கு நாம் எத்தனை மாதம் தெருவில் நின்றோம் என்பதை மறந்துவிட்டார்கள் போலும்.

இன்னும் ஒன்று. நோட்டீஸில் "லயங்களில் வளர்க்கப்படும் நாய்கள்" என்று இருக்கிறது. பங்களாவில் வளரும் நாய்களைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. பங்களாவில் இரண்டு பெரிய நாய்கள் உண்டு. கழுத்தில் உண்ணி அண்டாத பட்டி போட்டிருக்கிறார்கள். மாதம் தவறாமல் மிருக வைத்தியரிடம் காட்டுகிறார்கள். நான் குறை சொல்லவில்லை, நாயை அப்படித்தான் வளர்க்க வேண்டும். அதாவது, உண்ணியை ஒழிக்க நாயைக் கொல்லத் தேவையில்லை என்பது பங்களாவுக்கு நன்றாகத் தெரியும். தனக்குத் தெரிந்ததை லயத்துக்குச் சொல்லவில்லை. அந்த மருந்து மாத்திரை ஒன்று வாங்கினால் நமக்கு ஒரு நாள் பேர் காலி. ஒரு லயத்தில் எட்டு நாய் இருந்தால் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

நாய் எதற்கு, சாப்பாட்டுக்கே வழியில்லாதவர்களுக்கு என்று கேட்கும் படித்த பிள்ளைகளும் நம் மத்தியில் இருக்கிறார்கள். டவுனில் கடையில் வேலை செய்துவிட்டு இரவு பத்து மணி பஸ்ஸில் வந்து இறங்கும் பெண் பிள்ளைகளைக் கேளுங்கள், சந்தியிலிருந்து லயம் வரை கூட நடப்பது யார் என்று. புருஷனும் பெண்சாதியும் மலைக்குப் போனபின் காம்பராவைக் காப்பது யார்? காட்டுப்பன்றி இறங்கி மரக்கறிப் பாத்தியைக் கிளறும்போது குலைப்பது யார்? சிறுத்தை லயத்துக் கோடி வரை வரும் தோட்டங்கள் எத்தனை! அங்கே முதலில் போவது நாயின் உயிர்தான்.

பன்றி என்றதும் இதையும் சொல்லியாக வேண்டும். உண்ணி நாயில் மட்டும் இல்லை. மாட்டில் இருக்கிறது, ஆட்டில் இருக்கிறது, காட்டுப்பன்றியில் இருக்கிறது. புல்லின் நுனியில் தொற்றிக்கொண்டு போகிற வருகிறவர்மேல் ஏறும் உண்ணி ஜாதியும் உண்டு. என் இடுப்பில் ஏறியது என் காம்பரா உண்ணியா, மலையில் இருந்த உண்ணியா என்று கேட்டால், அது படங்குக்குள் இருந்தது என்பதுதான் என் பதில். நான் அந்த வாரம் பறித்த மலையைப் போய்ப் பாருங்கள். களை எடுத்து எத்தனை மாதம்? மானாப்புல் தேயிலைக்கு மேல் நிற்கிறது. கீழ்ப்பக்கம் கைவிட்டுக் காடாகிப்போன மலையில் பன்றி குட்டி போடுகிறது. புல் வெட்ட ஆள் போடவில்லை, செலவு மிச்சம். அந்த மிச்சத்தின் வட்டியை என் உடம்பில் வசூலித்துக்கொண்டார்கள்.

நாய்களை ஒழிப்பது என்ற பேச்சே இந்த நாட்டில் பழசாகிப் போனது. தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கத்தை அரசாங்கம் 2006 இல் நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு விசர்நாய்க் கடிக்குத் தடுப்பூசி போடுவதும் கருத்தடை செய்வதும்தான் கொள்கை. மிருகவதைத் தடைக்கு 1907 இலிருந்தே சட்டம் இருக்கிறது. "நிர்வாகமே அகற்றும்" என்றால் எப்படி அகற்றும் என்று எழுத்தில் கேட்டிருக்கிறோம். நஞ்சு வைப்பார்களா? சாக்கில் கட்டிப் பக்கத்துத் தோட்டத்தில் விடுவார்களா? அப்படி விட்டால் நாயோடு உண்ணியும் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்துக்குப் போகும். அங்கே இருப்பதும் நம் பிள்ளைகள்தான்.

வேறு வழி உண்டா என்று கேட்பவர்களுக்கு, இதே மண்ணிற நாய் உண்ணியோடு போராடிய இன்னொரு ஏழைச் சனத்தைப் பற்றிச் சொல்கிறேன். அமெரிக்காவில் அரிசோனா என்ற மாநிலம். அங்கே அந்த நாட்டின் பூர்வீகக் குடிகளை ஒதுக்கி வைத்திருக்கும் நிலங்கள் இருக்கின்றன. நமது லயத்தைப் போலவே, மற்றவர்களின் கண்ணில் படாத இடங்கள். 2000 க்குப் பிந்திய வருடங்களில் அங்கே நமது புள்ளிக் காய்ச்சலுக்குச் சொந்தக்கார நோய் ஒன்று கிளம்பியது. ஆனால் இதைவிடக் கொடியது. நூற்றுக்கணக்கானோர் படுத்தார்கள், பிள்ளைகள் உட்படப் பலர் செத்தார்கள். சாதாரணமாகக் காட்டு உண்ணியால் வரும் அந்த நோய் அங்கே நாய் உண்ணியால் வந்தது. அவர்கள் என்ன செய்தார்கள்? 2012 இல் ஒரு ஊரைத் தெரிவு செய்து, வீடு வீடாகப் போய், ஒரு நாயும் விடாமல் எல்லா நாய்க்கும் பல மாதம் தாங்கும் உண்ணிப் பட்டி போட்டார்கள். அதே நேரத்தில் வீட்டைச் சுற்றி உண்ணி மருந்து அடித்தார்கள். ஊர்ச் சனத்துக்கு விளக்கம் சொன்னார்கள். சில மாதம் கழித்து எண்ணிப் பார்த்தபோது, அந்த ஊரில் நூறு நாயில் ஒன்றில்தான் உண்ணி தெரிந்தது. இந்த வேலை நடக்காத பக்கத்து ஊரில் நூற்றுக்கு 64 நாயில் இருந்தது.

எல்லா நாயும், எல்லா வீடும், ஒரே நேரத்தில். அதுதான் விஷயம். நான் ஒருத்தி மட்டும் என் நாய்க்கு மருந்து போட்டு, பக்கத்துக் காம்பரா நாய்க்குப் போடாவிட்டால் பயனில்லை. நடுவில் இருப்பது ஒரு சுவர், அதிலும் வெடிப்பு. லயத்தில் தனித்தனி வீடு என்று ஒன்று கிடையாது, உண்ணிக்கு முழு லயமும் ஒரே வீடு. ஆகவே இது தனித்தனித் தொழிலாளிக்கு நோட்டீஸ் கொடுத்துத் தீர்க்கும் காரியமே அல்ல. தோட்டமாகச் செய்ய வேண்டும்.

அதற்கு வாய்ப்பும் இருக்கிறது. விசர்நாய்த் தடுப்பூசி போட அரசாங்க ஆட்கள் தோட்டத்துக்கு வருகிறார்கள். அன்றைக்கு எப்படியும் எல்லா நாயையும் பிடித்துக் கொண்டுபோய் வரிசையில் நிற்கிறோம். அதே நாளில், அதே மேசையில் உண்ணி மருந்தும் போட்டால் என்ன? மருந்துக்குக் காசு தோட்டம் கொடுக்கட்டும். அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குத் தோட்டத்துக் கடிதத் தலைப்பில் ஒரு கடிதம் எழுதினால் போதும். தொழிலாளி போய்க் கேட்டால் நாளைக்கு வா என்பார்கள், துரையின் கடிதம் போனால் ஜீப் வரும். இது நமக்குத் தெரியாததா? அதே வாரத்தில் லயத்துக்குச் சாந்து பூசி, சுண்ணாம்பு அடித்து, வெடிப்புகளுக்கு மருந்து அடிக்கட்டும். ஒரு தடவை அடித்தால் முட்டைக்குள் இருப்பது தப்பித்துக்கொள்ளும். திரும்பவும் செய்ய வேண்டும்.

இனி நம் பக்கத்துக் குறைகளையும் பேசுவோம், மூடி மறைத்துப் பயனில்லை.

உண்ணியை நகத்தில் வைத்து நசுக்குவதை இன்றோடு விட வேண்டும். கொழுந்து பறித்த நம் விரல்களில் வெடிப்பில்லாத விரல் எது? நசுக்கிய உண்ணியில் இருக்கும் கிருமி அந்த வெடிப்பு வழியாகவே உள்ளே போகலாம். பீடியால் சுடுவதும், மண்ணெண்ணெய் ஊற்றுவதும் கூடாது. கடித்த உண்ணியை அது இன்னும் குழப்பும். முள் எடுக்கும் சாமணத்தால், தோலை ஒட்டினாற்போல் பிடித்து, திருகாமல் நேராக இழுங்கள். எடுத்ததைச் சோடாப் போத்தலில் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றி அதற்குள் போடுங்கள், கையைக் கழுவுங்கள். காதுக்குள் உண்ணி போயிருந்தால் மட்டும் வீட்டில் கை வைக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவுக்கு நோய் வரும் வாய்ப்புக் குறைவு. ஆகவே மலையிலிருந்து வந்ததும் இடுப்பு, அக்குள், தொடையிடுக்கு, பிடரி, பிள்ளைகளின் தலை எல்லாவற்றையும் தடவிப் பார்ப்பது ஒரு வழக்கமாக வேண்டும்.

இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். ஸ்டோரிலிருந்து மிச்சம் கொண்டுவரும் மலை மருந்துத் தண்ணீரால் நாயைக் குளிப்பாட்டுகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். நாய் துடித்துச் சாவதை நானே பார்த்திருக்கிறேன். அதே வாளியில்தான் பிறகு பிள்ளையின் உடுப்பை ஊற வைக்கிறோம். வேண்டாம், தோழர்களே. அது போல, குட்டி போட்டதும் பெட்டைக் குட்டிகளைப் பெட்டியில் வைத்துத் தேயிலைக்குள் விட்டுவிடுவதும் நம் வழக்கமாகிவிட்டது. யாருக்கும் சொந்தமில்லாத அந்த நாய்க்கு யார் மருந்து போடுவது? ஊசி போட வரும்போதே கருத்தடைக்கும் பேர் கொடுக்கப் பழக வேண்டும். நாயைப் பாயில் படுக்க விடுகிற வீடுகளும் உண்டு. பாசம் புரிகிறது. ஆனால் இஸ்தோப்போடு நிறுத்துங்கள்.

காய்ச்சல் வந்து மூன்று நாளாகியும் விடவில்லை என்றால் டிஸ்பென்சரியோடு நிற்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய், கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: நான் தோட்டத்தில் வேலை, எங்கள் லயத்தில் உண்ணி இருக்கிறது, கடித்தது. கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் எந்த மருந்து என்பதை டாக்டர் தீர்மானிப்பார், நீங்கள் கடையில் வாங்கி விழுங்க வேண்டாம்.

டிஸ்பென்சரி ஐயாவைத் திட்டுவது என் நோக்கமல்ல. ஒற்றை ஆள், இரண்டு டிவிஷன், அலுமாரியில் பெனடோலும் வயிற்று மருந்தும். அவருக்கு யாரும் உண்ணிக் காய்ச்சலைப் பற்றி வகுப்பெடுக்கவில்லை, மருந்தும் தரவில்லை. தோட்ட வைத்தியத்தை அரசாங்கம் முழுதாகப் பொறுப்பேற்க வேண்டும் என்று நம் சங்கங்கள் எத்தனை மேதினத்தில் தீர்மானம் போட்டிருக்கின்றன! சில ஆஸ்பத்திரிகளை எடுத்தார்கள், மிச்சத்தை மறந்தார்கள். அந்த இடைவெளியில்தான் நான் எட்டு நாள் கிடந்தேன்.

நம் சங்கத்தையும் விடப் போவதில்லை. மாவட்டக் கூட்டத்தில் இதை நான் எடுத்தபோது, சம்பளப் பிரச்சினை இருக்கும்போது நாய்ப் பிரச்சினையா என்று மேடையில் ஒருவர் பகடி பண்ணினார், சபையும் சிரித்தது. 19 நாள் பேர் போடாமல் இருந்தது சம்பளப் பிரச்சினை இல்லையா? மழை ஒழுகும் வெடிப்புச் சுவர் வீட்டுப் பிரச்சினை இல்லையா?

எங்கள் தோட்டக் கமிட்டி துரைக்குக் கடிதம் கொடுத்துவிட்டது. நோட்டீஸை வாபஸ் வாங்க வேண்டும், சுவர் பூச வேண்டும் அல்லது நாமே பூச அனுமதி தர வேண்டும், நாய் மருந்துக்கு நாள் குறிக்க வேண்டும், டிஸ்பென்சரியில் டொக்ஸிசைக்கிளின் இருப்பில் வைத்து ஐயாவுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும், உண்ணிக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் இருக்கும் நாளுக்குப் பேர் போட வேண்டும். பிரதிகள் சுகாதார வைத்திய அதிகாரிக்கும், கால்நடை வைத்திய அலுவலகத்துக்கும், தொழில் திணைக்களத்துக்கும் போயிருக்கின்றன. 14 நாள் முடிந்து பத்து நாளாகிறது. இதுவரை ஒரு நாயையும் யாரும் தொடவில்லை, நோட்டீஸும் கழற்றப்படவில்லை, மழையில் நனைந்து பாதி கிழிந்து தொங்குகிறது.

இதே மாதிரி நோட்டீஸ் உங்கள் தோட்டத்திலும் வந்திருந்தால் அதைப் போனில் படம் பிடித்துச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். கூடவே லயத்துக்கு லயம் எத்தனை நாய், எத்தனை காம்பராவில் சுவர் வெடிப்பு, கடந்த ஒரு வருடத்தில் யார் யாருக்குப் புள்ளியோடு காய்ச்சல் வந்தது என்று ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள். எங்கள் மேல் டிவிஷனில் எழுதி முடித்துவிட்டோம். கீழ் டிவிஷனை வரும் போயா நாளில் எழுதுகிறோம். கொப்பியும் பேனையும் கொண்டு வருகிற பிள்ளைகள் காலை ஒன்பது மணிக்கு கோயிலடிக்கு வரவும்.